கேட்டறியாத வீடு

பாறக்கடவு,
20 ஜனவரி 1986.

கர்த்தருக்குள் அன்பான சோசாம்மா சேச்சிக்கு, உங்கள் தம்பி மனைவி ராகேலம்மா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் கல்யாணமான நாள் முதல் உங்களுக்குக் கடிதம் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. உங்கள் மேல் எனக்கு இருப்பது கோபமா நன்றியா என்று எனக்கே தெரியவில்லை. அடுப்பில் கப்பக்கிழங்கு வேகிறது. இரண்டு வரி எழுதுவதும் எழுந்து போய் மூடியைத் திறந்து பார்ப்பதுமாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மார்ச் இரண்டாம் வாரத்தில் நம் மகள் பெர்சிக்கு ஆபரேஷன். நெஞ்சுக்குள் சுருங்கிப்போயிருக்கும் வால்வைத் திறந்து விடுவார்களாம். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பிள்ளையைக் கூட்டி வந்தால் போதும் என்று அந்த டாக்டரே கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார். பெர்சிக்குப் பதினைந்து வயது நடக்கிறது. கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். படுத்தால் இருமல், அதனால் தலையணைகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அடுத்த மழைக்காலத்துக்குள் செய்தே ஆக வேண்டும் என்று மானந்தவாடி டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்கள் தம்பி முற்றத்திலேயே, காயப்போட்ட மிளகுக்கு நடுவில், முழங்காலில் விழுந்துவிட்டார். "நாம யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னோமா ராகேலே? சொன்னது அவர்கிட்ட மட்டும்தானே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய சட்டம் உங்களுக்குத் தெரியாததா? சுவிசேஷ வேலைக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. வீட்டில் எது இல்லாவிட்டாலும் மனுஷர் காதில் போடக் கூடாது. கர்த்தரிடம் மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் குறைவையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர், நடுவில் நாம் போய் ஆள் பிடித்தால் அது அவரை நம்பாதது. இப்படித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடந்தது, சேச்சி. கூரை ஒழுகியபோது ஓடு வந்தது. எனக்கு டைபாய்டு வந்தபோது மருந்து வந்தது. ஒவ்வொன்றையும் அவர் கன்வென்ஷன் மேடையில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பெங்களூர் கடிதத்தையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அதற்கு நான்காம் நாள் உங்கள் பஹ்ரைன் சபையிலிருந்து நைனான் பிரதர் வந்தார். இரண்டு மாத லீவாம், நல்ல மனுஷர், பெர்சிக்கு ஒரு கம்பளி உடுப்பும் கொண்டுவந்தார். நான் பால் விடாமல் கட்டன்காபி போட்டு நேந்திரம் சிப்ஸ் வைத்தேன். காபியைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "சோசாம்மா சிஸ்டர் அன்னைக்கு மீட்டிங்ல எழுந்து, என் தம்பி மகளுக்கு இப்படின்னு சொன்னதும் அழாத ஆள் இல்ல. பெங்களூர் டாக்டருக்கு எழுதினதே நம்ம ஆள்தான். ஓடு போட்டப்பவும் அவங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்பினாங்க." சந்தோஷமாகத்தான் சொன்னார், பாவம். உங்கள் தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நைனான் பிரதர் போனபிறகு உங்கள் தம்பி முற்றத்தில் நின்று கூரையையே பார்த்தார். பிறகு, "ஓட்டுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இனி நான் எழுதப்போவதைக் கேட்டால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருக்கிறது. கூட ஐந்து பேரைக் கூட்டி வர வேண்டுமாம். மூன்று பேர் எந்த வகை ரத்தமானாலும் சரி, மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பேருக்காவது பெர்சியின் வகையே இருக்க வேண்டும். அது லேசில் கிடைக்காத வகை. என்னுடையதும் சேரவில்லை, அவருடையதும் சேரவில்லை. கேட்டால்தானே நாலு பேர் வருவார்கள்? உங்கள் தம்பி நேற்றுக் காலை பைபிள் மேல் கையை வைத்துச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. அக்கா காதுக்கும் போகக் கூடாது. ஒரே ஒரு தடவையாவது அவர் தானா செய்யறாரான்னு நான் பார்க்கணும்."

அதனால் உங்களுக்கு எழுதக் கூடாது என்பதும் உத்தரவு. நான் எழுதிவிட்டேன். தபாலாபீஸுக்கு நானே போகிறேன். எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சேச்சி. வீட்டில் இல்லாததை ஒரு நாளும் நான் உங்களுக்கு எழுதினதில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கப்பக்கிழங்கு குழைந்துவிட்டது. கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ராகேலம்மா


பாறக்கடவு,
14 பிப்ரவரி 1986.

அன்புள்ள சேச்சிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். "எடி ராகேலே, மூணு கடிதத்துல நீ கப்பையைப் பத்தியே எழுதினா வீட்டுல அரிசி இல்லன்னு தெரியாத மடச்சியா நான்? மழை நல்லா பெய்யுது, பாத்திரத்தையெல்லாம் உள்ள எடுத்து வச்சிருக்கேன்னு எழுதினா கூரை ஒழுகுதுன்னு அர்த்தம் இல்லையா?" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. கறக்காமல் நிற்கிறேன் என்று மாடு என்னை இடித்தது. நீங்கள் எழுதினதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் வீட்டைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஆகிவிடும்.

இந்த வீட்டில் இப்போது யாரும் ஓர் இடத்தில் உட்கார்வதில்லை. அவர் விடிவதற்கு முன்பே காப்பித் தோட்டத்துக்குள் போய்விடுகிறார். சத்தமாக ஜெபிக்கிற மனுஷர், இப்போது சத்தமே கேட்பதில்லை. திரும்பி வந்து வாசலில் நின்று பாதையைப் பார்க்கிறார். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார், சேச்சி. போன வாரம் பால் சொசைட்டிப் பையன் படியேறி வந்தபோது இவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் வயிறு எரிந்திருக்கும். அவன் வந்தது குப்பியைத் திருப்பிக் கேட்க.

நான் சும்மா இருக்கிறவளா? சண்டை போட்டேன். "யாராவது படியேறி வந்து, உபதேசி, என் ரத்தம் சும்மா கிடக்குது, எடுத்துக்கோங்கன்னு சொல்லுவாங்களா? ஊரார் கனவுல வந்து கர்த்தர் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"பஞ்சத்துல எலியா தீர்க்கதரிசிக்குக் காக்கா அப்பம் கொண்டுவரலையா?" என்றார்.

பெர்சி தலையணையில் சாய்ந்தபடியே, "காக்காய்க்கு யாரோ சொல்லித்தானே இருக்கணும் அப்பச்சா?" என்றாள். கர்த்தர் சொன்னார் என்றார் அவர். "அப்போ சோசாம்மா அத்தைக்கும் அவரே சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள். அவள் நாக்கு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்ததும் நானும் விடவில்லை. காக்காய் நின்றுபோன பிறகு எலியா ஒரு விதவையிடம் போய் வாயைத் திறந்துதானே தண்ணீரும் அப்பமும் கேட்டார், அவரை விடவா நீங்கள் பெரிய ஆள் என்று கேட்டேன். "எலியாவைப் போகச் சொன்னது கர்த்தர். எனக்கு யாரு சொன்னா?" என்றார். எனக்கு என் பெற்ற வயிறு சொல்கிறது என்றேன். சபையில் பெண் வாய் திறக்கக் கூடாது, வீட்டில் திறக்கலாம், அதனால் இதையெல்லாம் வீட்டிலேயே கொட்டித் தீர்க்கிறேன். என் குரல் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும். ஆனால் வாதத்தில் ஜெயித்து என்ன கிடைத்தது? ஐந்து பேர் கிடைத்தார்களா?

அவரை நீங்கள் கல்நெஞ்சன் என்று நினைக்கக் கூடாது. ராத்திரி பெர்சி இருமினால் எனக்கு முன்னால் எழுந்து முதுகைத் தடவுவது அவர்தான். அவளுடைய கால் வீங்குகிறது என்று காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் வேதம் வாசிக்கிறார். மூன்று நாளாகக் கஞ்சியைத் தவிர ஒன்றும் தொடவில்லை. நேற்று நான் தோசை சுட்டு, தின்னுங்கள் என்று அதட்டினேன். தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சாப்பாடு பிரச்சினை இல்ல, ரத்தம் பிரச்சினை இல்ல ராகேலே. பதினெட்டு வருஷமா நான் கூப்பிட்டேன், அவர் பதில் சொன்னார்னு நினைச்சேன். பதில் சொன்னது எல்லாம் அக்காதான்னா, அவர் ஒரு தடவையாவது என்கிட்ட பேசினாரா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் இறங்கிவிட்டது, ஆனால் பயம் ஏறிவிட்டது. கோபம் இருந்தபோது தேவலை. அவர் கர்த்தரைச் சோதிக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. அது தப்பு என்று அவருக்கும் தெரியும், இதே விஷயத்தை எத்தனை பிரசங்கத்தில் விளக்கியிருக்கிறார். தெரிந்தும் செய்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு அடிபட்டிருக்க வேண்டும். ஆனால் பந்தயத்தில் வைத்திருப்பது என் பிள்ளையை அல்லவா?

செவ்வாய்க்கிழமை பெர்சி குளியலறையில் மயங்கி விழுந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. அவர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அப்போதும் அவர் வாய், "ஆண்டவரே, ஆண்டவரே" என்றுதான் சொன்னது, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவில்லை. நான்தான் கத்தினேன். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "அம்மச்சி, சத்தம் போடாதீங்க, வெட்கமா இருக்கு" என்கிறாள். உங்கள் குடும்பத்து ரத்தம்.

சாட்சி சொல்வதற்குக் கன்வென்ஷனிலிருந்து அழைப்பு வந்தது. இந்த வருஷம் வரவில்லை என்று எழுதிப்போட்டுவிட்டார். காரணம் எழுதவில்லை.

நீங்கள் அங்கே யாரிடமும் ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், சொல்லியும் பிரயோஜனம் இல்லை. பஹ்ரைனிலிருந்து ரத்தம் விமானத்தில் வருமா? இது இந்த மலையில், இந்த ஜனங்களிடம் கேட்க வேண்டிய காரியம். எனக்கு ஜெபத்தில் நிற்க முடியவில்லை, சேச்சி. கண்ணை மூடினால் ஐந்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

ராகேல்


பாறக்கடவு,
5 மார்ச் 1986.

அன்பான சேச்சிக்கு,

நைனான் பிரதர் லீவு முடிந்து நாளை மறுநாள் விமானம் ஏறுகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்ப நேரமில்லை. அவர் வாய் சும்மா இருக்காது, பாதிக் கதையை அவரே சொல்லிவிடுவார், மீதியைச் சரியாகச் சொல்ல ஆள் வேண்டுமே.

மூன்று ஞாயிறுகளுக்கு முன்னால் அப்பம் பிட்கிற கூட்டத்தில் நான் எழுந்து பேசிவிட்டேன்.

என் கால் தானாக எழுந்தது, ஆவியானவர் எழுப்பினார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நான்தான் எழுந்தேன். அப்பமும் பாத்திரமும் சுற்றி வந்து முடிந்தபிறகு சபையில் ஓர் அமைதி இருக்குமே, யாராவது ஒரு சகோதரர் எழுந்து ஜெபிக்கிற வரைக்கும்? எப்போதும் அந்த இடத்தில் உங்கள் தம்பிதான் ஜெபிப்பார். அன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். பெர்சி என் தோளில் சாய்ந்திருந்தாள், அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, "என் மகளுக்கு ரத்தம் வேணும். மார்ச்சுல ஆபரேஷன். அஞ்சு பேர் வேணும். கேட்கக் கூடாதுன்னு எங்க வீட்டுச் சட்டம், நான் கேட்கறேன். தாங்க" என்றேன். என்ன வகை ரத்தம் என்பது மறந்துபோய்விட்டது. பாயில் உட்கார்ந்தபடியே பெர்சி, "ஓ நெகட்டிவ், அம்மச்சி" என்றாள்.

மூப்பர் இட்டியச்சனை உங்களுக்குத் தெரியுமே, சபைக்கு இடம் கொடுத்தவர், குரல் வளமும் உண்டு. "சகோதரி, உட்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. சபையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டதை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று அவர் உரக்க ஒரு பாட்டை எடுத்தார். யாரும் கூடச் சேரவில்லை. ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் ஓர் உதடும் அசையவில்லை, அவருடைய சொந்த மனைவி உட்பட. ஒரு சரணம் முழுக்கத் தனியாகப் பாடிவிட்டு இட்டியச்சன் உட்கார்ந்தார். பிறகுதான் நானும் உட்கார்ந்தேன். உங்கள் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வரும் வரை எங்களுக்கு முன்னால் நடந்தார். பெர்சி நிற்கும் இடத்திலெல்லாம் அவரும் நின்றார், ஆனால் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நீ கேட்டுட்ட. இனி யார் தந்தாலும் அவர் தந்தார்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"தெரியாம போகட்டும். எனக்குப் பிள்ளை இருந்தா போதும்" என்றேன்.

கொடுமையான வார்த்தைதான். ஒரு விசுவாசி சொல்லக் கூடிய வார்த்தை இல்லை. சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, சேச்சி. உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாளே பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி முட்டை கொண்டுவந்தாள், ஒருத்தி தன் புருஷனையே கொண்டுவந்தாள். அவன் ஊசிக்குப் பயந்தவன், வாசலிலேயே வியர்த்து நின்றான். செவ்வாய்க்கிழமை ஒரு ஜீப் நிறைய ஆட்கள் மானந்தவாடிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். அத்தனை பேரில் பெர்சியின் வகை ஒரே ஒருவருக்குத்தான். யாரென்று நினைக்கிறீர்கள், பாட்டு எடுத்த இட்டியச்சனுக்கு. வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியிலேயே நின்று, "சகோதரி பேசினது தப்புதான், அதுல மாற்றம் இல்ல. ரத்தம் வேற விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

எந்த வகையானாலும் சரி என்ற மூன்று பேரும் கிடைத்துவிட்டார்கள். பெர்சியின் வகையில்தான் இன்னும் ஒருவர் வேண்டியிருந்தது. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் தேவகி வந்தாள், கள்ளுக்கடை குட்டப்பனின் மனைவி. அவள் எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, அவரு பட்டாளத்துல இருந்தப்போ கழுத்துல மாட்டின தகட்டுல ரத்த வகை இருக்குது, உங்க மோளுடையதுதான்" என்றாள். வரச் சொல்லு என்றேன். அவள் தலையைச் சொறிந்தாள். "அங்கதான் சிக்கல். உபதேசி நேர்ல வந்து கேட்டா தருவேன்னு நிக்கறாரு. நீங்க கேட்டா போதாதாம். அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்றாரு, அந்த மனுஷன் ஒரு தடவை அழட்டும்னு."

குட்டப்பன் ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் தம்பி ஒலிபெருக்கியோடு அந்தக் கடைக்கு எதிரில்தானே நின்றார்? பேர் சொல்லி, "குட்டப்பா, மனம் திரும்பு" என்று கூப்பிடுவார். அந்தக் கடையில் குடித்தவர்களெல்லாம் அவனை 'மனம்திரும்பு குட்டப்பன்' என்று கேலி பேசுவார்கள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் வாழ்நாளில் கேட்டவரே இல்லை. சொன்னேன். கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். என்ன சொன்னான் என்று கேட்டால், "நான் கேட்கல" என்றார். குட்டப்பன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மழை எப்போது வரும், காப்பி எப்போது பூக்கும் என்று பேசிவிட்டு வந்திருக்கிறார். மறுநாளும் போனார். மறுநாளும் மழையைப் பற்றித்தான். எனக்கு அவரை அடித்துவிடலாமா என்று தோன்றியது. பெர்சி மட்டும், "அம்மச்சி, அப்பச்சனைத் திட்டாதீங்க. அவர் கேட்கப் படிச்சுக்கிட்டு இருக்கார்" என்றாள்.

மூன்றாம் நாள் கேட்டுவிட்டார். எப்படிக் கேட்டார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, குட்டப்பனே வந்து சொன்னான். "உபதேசி கைகூப்பிக்கிட்டு நின்னாரு சேச்சி. வாய் வரல. கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம், குட்டப்பா, எனக்கு வேணும்னாரு. அவ்வளவுதான். நான் சொன்னேன், உபதேசி, இத்தனை வருஷமா குட்டப்பனுக்கு ரட்சிப்பு வேணும்னு என் கடை முன்னாடி நின்னு கத்தினீங்க. உங்களுக்கும் ஏதாவது வேணும்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே உள்ள கூப்பிட்டு பெஞ்சு போட்டிருப்பேனேன்னு." பிறகு தன் பழக்கப்படி, "பாதி ரத்தம் பாதி கள்ளு, டாக்டர் வடிகட்டி எடுத்துக்கட்டும்" என்றான். இன்றோடு ஒன்பது நாளாக அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று தேவகி ரகசியமாகச் சொன்னாள். உங்கள் தம்பியின் ஒலிபெருக்கிக்கு நடக்காத காரியம்.

அன்றைக்கு அவர் வீடு வந்து படியில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கேட்டுட்டேன்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கர்த்தர்கிட்ட கேட்கறது எவ்வளவு லேசா இருந்துச்சு. கண்ணை மூடிட்டுக் கேட்கலாம். குட்டப்பன் முகத்தைப் பார்த்துக் கேட்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கர்த்தர் அவரிடம் பேசினாரா இல்லையா என்ற கேள்வி தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. நேற்று விடியற்காலையில் தோட்டத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது, எப்போதும் போலப் பெருங்குரலில். என்ன ஜெபித்தார் என்று காது கொடுத்துக் கேட்டேன். பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். சோசாம்மா, நைனான், பெங்களூர் டாக்டர், இட்டியச்சன், குட்டப்பன், தேவகி. வேறொன்றும் சொல்லவில்லை. பேர்கள் மட்டும்.

திங்கட்கிழமை கிளம்புகிறோம். குட்டப்பனும் இட்டியச்சனும் ஒரே ஜீப்பில். வழியில் சண்டை வராமல் இருந்தால் அதுவே ஓர் அற்புதம். ஆபரேஷன் பதினான்காம் தேதி. பெர்சி தைரியமாக இருக்கிறாள், அல்லது எனக்காகத் தைரியமாக நடிக்கிறாள். போன வாரம் அவள் தலையைக் கோதி எண்ணெய் வைத்தபோது, "எழுந்திருக்காம போயிட்டா வாக்குத்தத்தம் பொய்யா அம்மச்சி?" என்று கேட்டாள். வாயை மூடு என்று அதட்டிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. வாக்குத்தத்தம் பொய்யாகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வரும், யார் கையில் வரும், நான் நினைக்கிறபடி வருமா என்பது எனக்குத் தெரியாது. தெரிகிறதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குள் போகிறேன். வேறு வழி எனக்கு இல்லை.

மாட்டைத் தேவகி பார்த்துக்கொள்வாள். கதவைப் பூட்ட வேண்டாம், நான் தினமும் வந்து விளக்கு வைக்கிறேன் என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மேலே எழுத என்னிடம் இடம் இருக்கிறது, ஆனால் உங்கள் தம்பி பேனாவைக் கேட்கிறார். என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. கர்த்தர் உங்கள் கையைப் பிடித்துக் காக்கட்டும்.

உங்கள்
ராகேலம்மா

அக்கா,

லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காது என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். அவளை உள்ளே கொண்டுபோகும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

கோசி